எத்தனையாவது தடவை?



ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னை வரவேற்கும் கேள்வி ஒன்று உண்டு. விழுப்புரத்தில் இரயிலை விட்டிறங்கி, பேருந்து ஏறி, எங்கள் தெருமுனையில் கால் வைப்பதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "என்ன தம்பி, மறுபடியும் நீட் எழுதப் போறியாமே? இது எத்தனையாவது தடவை?"

கேட்பவர் பகைவர் அல்லர், நல்லெண்ணம் உடையவர்தாம். ஆயினும் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு முறை எழுதினால் முயற்சி. இரு முறை எழுதினால் பிடிவாதம். மூன்றாம் முறை எழுதினால் வெட்கக்கேடு என்பதே அத்தீர்ப்பு. அதற்கு அஞ்சித்தான், தில்லிக்குப் படிக்க வந்த பின்னும், உயிரியல் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் மறைத்து வைத்துப் படிக்கும் நண்பர்கள் நம் விடுதிகளில் இருக்கிறார்கள். சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான் இருந்தேன். இனி மறைப்பதில்லை என்று முடிவு செய்ததால் இதனை எழுதுகிறேன்.

மருத்துவம் படிக்கும் ஆசை எனக்கு எங்கள் ஆயாவின் காலைப் பார்த்து வந்தது. அவருக்கு யானைக்கால். இரத்தச் சோதனைக்காரர்கள் இரவில்தான் வருவார்கள் என்றும், தூக்கத்தில் எழுப்பி விரலில் குத்துவார்கள் என்றும் அவர் கதை போலச் சொல்வார். ஏன் இரவில் வரவேண்டும் என்று கேட்பேன்; அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் முதல் ஆசை.

இனி என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2023-ல் 720-க்கு 448. இடம் இல்லை. அம்மா தம் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார். ஓராண்டு ஒரு பயிற்சி நிலையத்தில் படித்தேன். 2024-ல் 511. மதிப்பெண் 63 ஏறியது. தரவரிசையோ முன்னிலும் கீழே இறங்கியது. இடம் இல்லை. அந்த ஆண்டே இங்கு வந்து விலங்கியல் பட்ட வகுப்பில் சேர்ந்தேன்.

"பாஸ் பண்ணிட்டேன் என்கிறாய், சீட்டு இல்லை என்கிறாய், இது என்னடா கணக்கு?" என்று அப்பா கேட்டார். அவர் தையற்காரர். அளந்து வெட்டிய துணி சட்டையாக வேண்டும் என்பது அவர் அறிந்த நியாயம். அவருக்கு நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன். 2024-ல் இத்தேர்வுக்குப் பதிந்தவர் ஏறத்தாழ 24 லட்சம் பேர். தகுதி பெற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர் 13 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதிலும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகம். அவற்றிலும் ஏறத்தாழப் பாதி, நம்மைப் போன்றோர் கட்டணத்தை எண்ணிப் பார்க்கவும் இயலாத தனியார் கல்லூரிகளில். பத்துப் பேருக்குத் 'தகுதி' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தால், நின்றுகொண்டிருக்கும் ஒன்பது பேரும் உட்காரத் தெரியாதவர்கள் என்று ஆகிவிடுமா?

அளக்கும் கோலும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றாக இல்லை. 2024 ஜூன் மாதத்தில் முடிவு வந்தபோது, முழு மதிப்பெண் பெற்றவர் 67 பேர் என்றார்கள். பின்பு வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண் என்று வழக்குகள் எழுந்தன. மறுதேர்வு வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஜூலை 23-ல் கூறிற்று. திருத்திய பட்டியலில் அந்த 67 பேர் 17 ஆயினர். அந்த ஏழு வாரமும் மீண்டும் படிப்பதா, பெட்டியைக் கட்டுவதா என்று தெரியாமல் நான் தவித்தது எனக்குத்தான் தெரியும். அடுத்த ஆண்டு, 2025-ல், நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. இப்படி நீண்டும் குறுகியும் போகும் கோலால் ஒருவன் தன் அறிவின் உயரத்தை அளந்துகொண்டு உள்ளம் உடைவது பேதைமை அன்றோ?

மறுமுறை எழுதுவது தனி ஒருவரின் குறையும் அன்று. தமிழக அரசு 2021-ல் நீதிபதி ஏ. கே. ராஜன் தலைமையில் அமைத்த குழு ஒரு கணக்குத் தந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இடம் அளித்த 2016-17-ல், தமிழகத்தில் மருத்துவம் சேர்ந்தோருள் மறுமுறை முயன்று வந்தவர் 100-க்கு ஏறத்தாழ 12 பேர். 2020-21-லோ 71 பேர். அதாவது, மறுமுறை என்பது தோற்றவர் செல்லும் சந்து அன்று. அதுவே நெடுஞ்சாலை ஆகிவிட்டது. அந்தச் சாலைக்குச் சுங்கம் உண்டு: ஓர் ஆண்டு வயதும், அம்மாவின் சங்கிலியும். சுங்கம் செலுத்த வல்லவர்க்கே வழி என்பது நீதியா என்பதை இந்த மன்றத்தில் பலமுறை வாதித்திருக்கிறோம். விலக்குக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2021-லும் 2022-லும் நிறைவேற்றிய சட்ட முன்வடிவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அந்த வாதம் தொடரட்டும். அதுவரை, நாளைக்குப் படிவம் நிரப்ப வேண்டியவன் என்ன செய்வது?

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், எழுது, எழுதிக்கொண்டே இரு" என்பார் சிலர். அம்மி நகரும், உண்மைதான். ஆனால் எத்தனை நாள் தள்ளுவது? வீட்டில் வேறு வேலையே இல்லையா?

நம் வளாகத்துக்கு அருகிலுள்ள முகர்ஜி நகர்த் தெருக்களில் நடந்து பாருங்கள். குடிமைப் பணித் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருப்போரைக் காணலாம். அந்தத் தேர்வுக்கேனும் ஓர் எல்லை உண்டு: பொதுப் பிரிவினர் 6 முறை, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் 9 முறை. ஐ.ஐ.டி.யில் சேர்வதற்கான தேர்வை அடுத்தடுத்து 2 ஆண்டுகளில் 2 முறைதான் எழுதலாம். நீட் தேர்வுக்கோ முறைக்கணக்கு இல்லை. மேல்வயது வரம்பும் 2022-ல் நீங்கியது. இது நல்லதே. காலம் கடந்து வருபவருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆனால், என்றும் திறந்திருக்கும் கதவின் முன் வாழ்நாள் முழுதும் நின்றுவிடுவதும் எளிது. ஆகவே, சட்டம் விதிக்காத எல்லையை நாமே விதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் முடிவு வந்து மனம் கலங்கிய நாளில் அன்று. படிவம் நிரப்பும் நாளிலேயே, வீட்டாரை உட்கார வைத்து, இத்தனை முறை, இவ்வளவு பணம் என்று பேசி விதித்துக்கொள்ள வேண்டும்.

முறை கூடினால் மட்டும் போதாது. முறைமை மாற வேண்டும். 2023-ல் நான் விடையளித்த 162 வினாக்களில் 122 சரி, 40 தவறு. சரியானதற்கு 4 மதிப்பெண். தவறினால் ஒன்று குறையும். அந்த நாற்பதைத் தொடாமல் விட்டிருந்தால் 488 வந்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்று விடும் நேர்மை எனக்கு இல்லை. பயிற்சி நிலையத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இங்கு வந்து, பழைய விடைத்தாளை எடுத்து வைத்து, நானே கண்டுகொண்டேன். நோயாளியின் முன் நிற்கப் போகிறவனுக்கு இந்த ஒரு பாடமே தேர்வினும் பெரிது.

அதைவிடப் பெரிய பாடத்தை, காத்திருக்கும் திண்ணை என்று எண்ணி நான் வந்து சேர்ந்த விலங்கியல் வகுப்பு எனக்குக் கற்பித்தது. ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் யானைக்கால் நோயின் நுண்புழுவைக் கண்டேன். அது பகலில் உடலின் உட்பகுதிக் குழாய்களில் ஒதுங்கியிருக்கும். கொசு கடிக்கும் இரவு வேளையில்தான் தோலருகே ஓடும் இரத்தத்துக்கு வரும். ஆயாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது! மருத்துவக் கல்லூரிக்குள் கால் வைக்காமலே கிடைத்துவிட்டது.

அந்தப் புழுவைக் கொல்ல ஊர்தோறும் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை யாருடைய தலைமையில் உருவானது தெரியுமா? எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தும் அவருக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அன்று, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே. பின்பு அமெரிக்கா சென்று ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். புற்றுநோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டும் அவர் குழுவின் ஆய்வில் பிறந்ததே. எத்தனையாவது தடவை என்று அவரிடம் கேட்டு வெட்கப்படுத்தியிருந்தால் இழப்பு யாருக்கு? அதே நேரம், அவர் ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நின்றுவிடவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இறுதியாக என் வீட்டுச் செய்தி. 2019-ல் அப்பா கடன் வாங்கி என்னை ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்த்தார். இருவருக்குக் கட்டணம் கட்ட இயலாது என்று தங்கையை அரசுப் பள்ளியிலேயே விட்டுவிட்டார். 2020-ல், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அப்பா செலவழித்த பணம் எனக்கு அந்தக் கதவை அடைத்தது. செலவழிக்காத பணம் தங்கைக்கு அதைத் திறந்தது. அவள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு. அவளும் மருத்துவமே வேண்டும் என்கிறாள்.

அம்மா சங்கிலியை மீட்டுவிட்டார். அதை மறுபடியும் அடகு வைக்க நேர்ந்தால் அது தங்கைக்காக இருக்கட்டும், எனக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது தியாகம் அன்று, வரிசை. என் முறை இரண்டு முறை வந்து போயிற்று. நான் இன்னும் ஒரே முறை எழுதுவேன்: பட்டப்படிப்பை விடாமல், நூலகத்தில் அமர்ந்து, காசு செலவின்றி. அதுவே கடைசி. கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் அந்த நுண்புழுவைப் பற்றி நான் அறிய வேண்டியது இன்னும் ஏராளமாக இருக்கிறது.

மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மறுமுறை எழுதும் நண்பர்கள் ஞாயிறுதோறும் மன்ற அறையில் கூடிப் படிக்க இடம் கொடுங்கள். எழுதியது போதும் என்று நிறுத்திக்கொண்ட நண்பனைத் தோற்றவனாகப் பார்க்காதீர்கள். நிறுத்தவும் துணிவு வேண்டும். யாரேனும் மறுபடியும் எழுதுகிறேன் என்றால், எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள்.

இந்த முறை எதை மாற்றிக்கொண்டாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.