பருப்பைத் தூக்கிப் போடும் முன் திறந்து பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்களையும் வரவேற்கிறேன்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. சமையல் மேடையில் வரிசையாகப் பாக்கெட்டுகள். துவரம்பருப்பு, உளுந்து, கொண்டைக்கடலை, சுண்டைக்காய் வத்தல். எல்லாம் தேதி முடிந்தவையாம், எல்லாம் குப்பைக்காம். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். நான் கைதட்டவில்லை. என் கட்சி இதுதான்: நன்றாகக் காய்ந்த பொருளுக்கு எதிரி தேதி அல்ல, ஈரம். தேதியை மட்டும் பார்த்து நல்ல பருப்பைக் குப்பையில் போடுகிறவர், தேதி இருக்கிறது என்ற தைரியத்தில் பூசணம் பிடித்த கடலையையும் சாப்பிட்டுவிடுவார்.

முதலில் அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பருப்பு பாக்கெட்டில் பேக்கிங் செய்த நாள் இருக்கும். அறுவடை செய்த நாள் இருக்காது. தையில் அறுத்த துவரை மூட்டையில் கிடந்து, ஆலைக்குப் போய், ஆவணியில் பாக்கெட்டுக்குள் புகுந்தால் அதன் வயது ஆவணியிலிருந்துதான் எண்ணப்படும். அதே மூட்டையிலிருந்து மளிகைக்கடைக்காரர் ஒரு கிலோ நிறுத்துக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தால் அதற்குத் தேதியே கிடையாது. ரேஷன் கடையில் பையில் அளந்து போடும் அரிசிக்கும் கிடையாது. ஒரே மூட்டைப் பருப்பு, பாக்கெட்டில் இருந்தால் ஆறு மாதத்தில் விஷம், காகிதப் பொட்டலத்தில் இருந்தால் அமிர்தம் என்றால் இது என்ன கணக்கு?

அடுத்தது சட்டம். உலகம் முழுக்க இரண்டு சொற்கள் உண்டு. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அதுவரை மணம், ருசி, தரம் குறையாது என்று பொருள். 'யூஸ் பை' என்றால் அதற்குப் பிறகு பாதுகாப்புக்கு உறுதி இல்லை என்று பொருள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளும் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் விளக்குகின்றன. 'பெஸ்ட் பிஃபோர்' தேதி கடந்தாலும் உணவு பாதுகாப்பாகவே இருக்கக்கூடும், தரம்தான் குறைந்திருக்கலாம் என்று அந்த விளக்கமே சொல்கிறது. ஆனால் அதே விதிமுறைகள் 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதியைக் கட்டாயமாக்கிவிட்டு, 'பெஸ்ட் பிஃபோர்' என்பதை விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டன. பனீருக்கும் துவரம்பருப்புக்கும் ஒரே எச்சரிக்கை! வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் அது தேர்வா? இதைத்தான் நான் தவறு என்கிறேன். பனீருக்கு 'யூஸ் பை' இருக்கட்டும். பருப்புக்கு 'பெஸ்ட் பிஃபோர்' திரும்ப வரட்டும்.

கடைக்காரர் தேதி முடிந்ததை விற்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காசு கொடுக்கும்போது தேதியைப் பாருங்கள், பழையதைத் தள்ளுங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: பொருள் கைக்கு வரும்போது ஆயுளில் 30 சதவீதமாவது அல்லது 45 நாட்களாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று அந்த ஆணையம் 2024 நவம்பரில் நிறுவனங்களிடம் சொல்லியிருக்கிறது. நான் பேசுவது வீட்டுக்கு வந்துவிட்ட பொருளைப் பற்றி.

பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டால் அவற்றுக்கு வேலை இல்லை. ஏழாம் வகுப்புப் பாடம்தான் இது. நம் ஆட்கள் பள்ளிக்கூடம் போகாமலே இதைப் படித்தவர்கள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தார்கள். பருப்புக்கு விளக்கெண்ணெய் பூசினார்கள். அரிசிப் பானையில் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டார்கள். பங்குனி சித்திரை வெயிலில் வத்தலையும் வடகத்தையும் மொடமொடவென்று ஆகும்வரை விடவில்லை. பழைய அரிசிக்கு இன்றும் விலை கூடுதல்தானே? புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரியாய் வரும், தண்ணீரும் கூடப் பிடிக்கும். அரிசிக்கு வயது ஒரு தகுதி.

வயதான பருப்பில் குறை இல்லை என்று சொல்லவில்லை. வேக நேரம் பிடிக்கும், குக்கரில் இரண்டு விசில் கூட விட வேண்டும். கொண்டைக்கடலை கல் மாதிரி நிற்கும். வைட்டமின் கொஞ்சம் குறையும். நாலு வண்டு இருந்தால் வெயிலில் போட்டுச் சலித்து எடுக்கலாம். மாவாய் உதிர்ந்து நாற்றம் அடித்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். வண்டு வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் துளையிட்ட குழாய் போல ஒரு பொறி உருவாக்கியிருக்கிறது. தானியத்துக்குள் செருகி வைத்தால் வண்டு துளை வழியே உள்ளே விழும். அவ்வளவு எளிமை.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். "அந்தக் காலத்தில் இதெல்லாம் பார்த்தோமா?" என்று எனக்குக் கை தட்டக் காத்திருக்கும் பெரியவர்களே, கையைக் கீழே போடுங்கள்.

பூசணம் பிடித்த கடலையைத் துடைத்துவிட்டு வறுத்துத் தின்பதும், பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் பெரும் தவறு. நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் இவற்றில் ஈரம் பட்டால் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாக அழியாது. கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் வழி செய்யும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்துப்போனபோதுதான் இது உலகுக்குத் தெரிந்தது. தீவனத்தில் கெட்டுப்போன நிலக்கடலைப் புண்ணாக்கு இருந்தது. 1974இல் நம் நாட்டிலேயே ராஜஸ்தான், குஜராத் எல்லை மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சோளத்தில் எந்தத் தேதியும் அச்சடித்திருக்கவில்லை. "நமக்கு வேண்டாம், மாட்டுக்குப் போடு" என்பதும் ஆகாது. மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கி நம் டம்ளருக்கே திரும்பி வரும்.

ஆகவே, பூசணம், கசப்பு, நிறம் மாறிய சுருங்கிய கடலை, சிக்கு வாடை அடிக்கும் முந்திரி, கொப்பரை, கம்பு மாவு எல்லாம் தேதிக்குள்ளே இருந்தாலும் குப்பைக்குத்தான். முழுக் கம்பு மாதக்கணக்கில் நிற்கும், அரைத்த மாவு நிற்காது, அதில் எண்ணெய் வெளியே வந்துவிடுகிறது. குழந்தைகளுக்கான பால் பவுடரிலும், மருந்து போலக் கொடுக்கும் சத்துமாவிலும் தேதியை ஒருநாள்கூடத் தாண்டாதீர்கள். அங்கே நான் தேதியின் கட்சி.

இன்னொன்று சொல்லாமல் விட மாட்டேன். "தேதி முடிஞ்சிருச்சு, அதான் வேலை செய்யற அம்மாவுக்குக் குடுத்துட்டேன்" என்று சிலர் பெருமையாகச் சொல்கிறீர்கள். அது கெட்டது என்று நம்பினால் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தட்டில் எப்படி வைப்பீர்கள்? நல்லது என்று நம்பினால் உங்கள் பிள்ளையின் தட்டுக்கு ஏன் ஆகாது? கொடுக்க மனமிருந்தால் புதுப் பாக்கெட் வாங்கிக் கொடுங்கள், பழையதை நீங்கள் சாம்பார் வையுங்கள்.

"ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன் பருப்பு விலை பெரிதா சார்?" என்று கேட்பீர்கள். பயப்படுவது சரிதான், ஆனால் பயப்பட வேண்டிய இடம் தெரிந்து பயப்படுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். தோல், கொட்டை எல்லாம் சேர்த்த கணக்குதான். ஆனாலும் அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஓட்டலும் கல்யாண மண்டபமும் அல்ல, நம் அடுப்படிதான் முதல் குற்றவாளி.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஆஃபர் என்று ஐந்து கிலோ வாங்காமல் மாதத்துக்கு வேண்டியதை வாங்குங்கள். பழையதை முன்னால் வையுங்கள். ஈரக் கரண்டியை டப்பாவில் விடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் எல்லாவற்றையும் வெயிலில் காட்டுங்கள். பிறகு தேதி முடிந்த பாக்கெட் கிடைத்தால் திறங்கள், கையில் கொட்டிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். சந்தேகம் என்றால் கொட்டிவிடுங்கள். சந்தேகம் இல்லையென்றால் ஊறவையுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள். வெறும் கைதட்டல் படத்துக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் ஆசிரியர்,
பாலசமுத்திரம்