கரடி சொன்ன கதை



கோடையில் சுவிஸ் ரியால்ப் நிலையத்திலிருந்து ஃபுர்க்கா மலைக்கு நீராவி ரயில் ஓடுகிறது. பிள்ளைகளுக்குக் காட்டக் கூட்டிப்போனேன். அவர்கள் கைத்தொலைபேசியிலிருந்து தலை நிமிரவில்லை. அப்போது கரடி வேடம் போட்ட ஒருவர் எஞ்சின் பார்க்க வந்தார். கரடித் தலைக்குள் இருந்தால் கால் தெரியாதாம். தண்டவாளத்தில் தடக்கி விழாமல் ஒரு பெண் கைபிடித்து வந்தார்.

பிள்ளைகள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்ள, கரடி கதை சொன்னது. 1913, 1914 இல் வின்ரர்தூரில் செய்த எஞ்சின்கள் இவை. நடுவே பல்லுத் தண்டவாளம். அதைப் பற்சக்கரம் கவ்வித்தான் ஏற்றம் ஏறும். 1947 இல் சிலவற்றை வியட்நாமுக்கு விற்றார்கள். அங்கே யுத்தத்தில் பாதை மூடப்பட, துருப்பிடித்துக் கிடந்தன. 1990 இல் தொண்டர்கள் தேடிப்போய்க் கப்பலில் கொண்டுவந்து திருத்தினார்கள்.

அதே 1990 இல்தான் யாழ்ப்பாண ரயில் நின்றது. திரும்ப வந்தது 2014 இல். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அன்றுதான் மூத்தவள் தானாகக் கேட்டாள்: "அப்பா, உங்கட தண்டவாளம் எங்க போனது?" பெயர்த்துப் பதுங்குகுழிகளுக்குப் போட்டார்கள் என்றேன். பிறகு வீடுவரை கேள்விதான்.

பெற்றோரே, பிள்ளைகள் எங்கள் கதை கேட்கமாட்டார்கள் என்று சலிக்காதீர்கள். அடுத்த தமிழ்ப்பாடசாலை விழாவில் யாராவது கரடி வேடம் போடுங்கள்.