பலகை மாத்துறீங்க சரி, ஒயரை என்ன பண்றீங்க சாமி?

சங்ககிரியில தடுக்கி விழுந்தா லாரி மேலதான் விழணும். 1805ல தீரன் சின்னமலையைத் தூக்குல போட்ட கோட்டை இருக்கற ஊருன்னு வெளியூர்க்காரங்க சொல்வாங்க. எங்களுக்கு இது லாரி ஊரு. இங்கிருந்து திருச்செங்கோடு, நாமக்கல் வரைக்கும் பாடி கட்டற பட்டறைகள்தான். மரமோ தகடோ, அந்த வேலையில எங்காளுங்களை அடிச்சுக்க ஆளில்லைன்னு நானே ஊர் ஊராப் போய் பீத்திக்கிட்டவன்தான். அதனால இதைப் படிச்சுட்டு யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம் :-)

மேட்டருக்கு வர்றேன். வண்டியை எஃப்சிக்கு நிறுத்தறோம். எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கப்புறம் வருஷா வருஷம். நிறுத்தினதுதான் நிறுத்தினோம், தளம் உளுத்துப் போச்சு, குறுக்குச் சட்டம் துருப்பிடிச்சுப் போச்சுன்னு மொத்தமா பிரிச்சுப் புதுசு போடறோம். என்ன மரம், தகடு எத்தனை எம்எம், பெயிண்ட் எந்தக் கம்பெனி, எல்லாத்துக்கும் ஓனர் ஒத்தக்கால்ல நின்னு பேரம் பேசறார். ஒயரிங்?

"அது கடைசில பாத்துக்கலாங்ணா."

நான் சண்டை போட வந்திருக்கறது இந்த ஒரு வாக்கியத்தோடதான்.

கடைசின்னா எப்போ? சட்டம் எல்லாம் வச்சு, யூ போல்ட் முறுக்கி, பலகை அடிச்சு, பெயிண்டும் காஞ்சதுக்கு அப்புறம். ஒயருக்குன்னு அப்போ என்ன வழி மிச்சம் இருக்கும்? சைலன்சர் பக்கத்துல ஒரு சந்து, ஏர் பிரேக் ட்யூப் கூடவே ஒரு கட்டு, டீசல் பைப்புக்கு அடியில ஒரு தொங்கல். பிரிக்கும்போது குறுக்கே இருந்ததுன்னு வெட்டிப் போட்ட ஒயரை ரெண்டு முறுக்கு முறுக்கி, கருப்பு டேப்பைச் சுத்தி விட்டா வேலை முடிஞ்சுது. ஒயர்மேனைக் குத்தம் சொல்லிப் புண்ணியமில்லை. வண்டி டெலிவரிக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டு, காலைல லோடுக்குப் போகணும்னு சொன்னா அவர் மட்டும் என்ன பண்ணுவார்?

"இத்தனை வருஷமா இப்படித்தானுங்க ஓடுது"ன்னு ஒரு பதில் எப்பவும் ரெடியா இருக்கும். ஓடுச்சு, இல்லைன்னு சொல்லலை. எந்த வண்டி ஓடுச்சு? பழைய லேலண்ட், பழைய டாடா. டீசல் பம்பு முழுக்க மெக்கானிக்கல். இன்ஜினை நிறுத்தணும்னா கேபிளைப் பிடிச்சு இழுக்கணும். செல்ஃப், ஆல்டர்னேட்டர், லைட்டு, ஹாரன், இவ்வளவுதான் ஒயரிங். ஒயர் அத்துப்போனா லைட்டு எரியாது, வண்டி வீடு வந்து சேந்துடும். 2017ல நாடு முழுக்க பிஎஸ்-4 வந்தப்போகூட அசோக் லேலண்ட் ஐஇஜிஆர்னு சொல்லி பழைய இன்லைன் பம்பையே வச்சு ஓட்டிக் காட்டினாங்க. ரோட்டோர மெக்கானிக் கைக்கு அடங்கற வண்டின்னு நம்மாளுங்களுக்கும் அது பிடிச்சுது. 2020 ஏப்ரல் 1ல பிஎஸ்-6 வந்துது, அந்தக் கதை முடிஞ்சுது.

இப்போ தளத்துக்கு அடியில, சேசிஸ் ஓரமாப் போற அந்தக் கறுப்புக் குழாய்க்குள்ள என்னென்ன ஓடுதுன்னு பாருங்க. புகைக்குழாய்ல நாக்ஸ் சென்சார், யூரியாத் தண்ணி டேங்க்ல லெவல் சென்சார், ஏபிஎஸ்க்கு சக்கரத்துச் சென்சார். அதோட கேன் லைன்னு முறுக்கின ரெண்டு ஒயர். எல்லாப் பொட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறது அதுலதான். அதை முறுக்கியே வச்சிருக்கறது அழகுக்கு இல்லை, வெளியிலிருந்து வர்ற இரைச்சல் உள்ள ஏறாம இருக்கத்தான். அதை வெட்டி, முறுக்கைப் பிரிச்சு, நீட்டி ஒட்டுப் போட்டா பொட்டிகள் பேசறது ஒண்ணுக்கொண்ணு கேக்காது. மீட்டர் வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பேட்டரியைக் கழட்டிட்டு அந்த ரெண்டு ஒயருக்கு நடுவுல அளந்தா 60 ஓம் காட்டணும். ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு 120 ஓம் இருக்கு, அந்தக் கணக்கு. 120 காட்டுச்சுன்னா எங்கியோ ஒரு பக்கம் அத்துப்போச்சு. ரெண்டு நிமிஷ வேலை. எத்தனை பட்டறையில பாக்கறாங்க?

எங்க தெருவுல ஒரு டிரைவர் அண்ணன் இருக்காரு. புதுத் தளம் போட்ட வண்டியை எடுத்துக்கிட்டு பெங்களூர் லோடு போனார். முதல்ல எச்சரிக்கை விளக்கு எரிஞ்சுது. தொப்பூர் ஏத்தத்துல வண்டி இழுக்கலை. பிஎஸ்-6ல அப்படித்தான், யூரியா சிஸ்டத்துல கோளாறுன்னு தெரிஞ்சா கம்ப்யூட்டரே இழுவையைக் குறைச்சிடும். பின்னாடி ஹாரன் மேல ஹாரன். ராத்திரி பூரா ரோட்டோரம் கிடந்துட்டு, காலைல மெக்கானிக் வந்து தேடினா... யூ போல்ட்டுக்கு அடியில ஒயர் கட்டு நசுங்கிக் கிடக்குது! லோடு லேட்டானதுக்குப் பிடிச்சது யார் பணம்னு நினைக்கறீங்க? பட்டறைக்காரர் பணமா, ஓனர் பணமா? அண்ணனோட படியில பிடிச்சாங்க. "நீ ஓட்டற விதம் சரியில்லை"ன்னு பேச்சு வேற. இதைக் கேட்டப்புறம்தான் எனக்குச் சுருக்குன்னு ஏறுச்சு.

அடுத்தது வெல்டிங். இது ஒயரிங் இல்லையேம்பீங்க. ஒயரிங்தான். ஈசியூவை மாட்டி வச்சபடியே, பேட்டரியைக் கழட்டாம, எர்த்தை எங்கியோ பம்பர்ல கவ்வ விட்டுட்டு, வண்டியோட பின்கோடியில பத்த வைக்கறாங்க. வெல்டிங் கரண்ட் திரும்பிப் போற வழியில அம்புட்டதை எல்லாம் பதம் பாத்துட்டுத்தான் போகும். பேட்டரி டெர்மினலையும் ஈசியூ பிளக்கையும் கழட்டு, பத்த வைக்கற இடத்துக்குப் பக்கத்துலயே எர்த்தைப் பிடி. இதுக்கு என்ன செலவுங்க? பத்து நிமிஷமும் ஒரு ஸ்பேனரும்.

அமெரிக்காவுல பான்டூன்னு ஒரு படகு. ரெண்டு மூணு அலுமினிய உருளை மேல பலகை அடிச்சு, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஏரியில மீன் பிடிக்கப் போவாங்க. அதுலயும் பலகை உளுத்துப் போகும், பிரிச்சுப் புதுசு போடுவாங்க, ஸ்டியரிங் பக்கத்திலிருந்து இன்ஜினுக்குப் போற ஒயரையும் புதுசா வழி பண்ணி விடுவாங்க. விளையாட்டுச் சாமான்தான். ஆனா ஏபிஒய்சின்னு அங்க ஒரு படகுச் சங்கம், அதுக்கும் விதி எழுதி வச்சிருக்கு. 18 அங்குலத்துக்கு ஒரு இடத்துல ஒயரைத் தாங்கிப் பிடிக்கணும். பேட்டரியிலிருந்து பொதுவா 7 அங்குலத்துக்குள்ள பியூஸ் வரணும். மீன் பிடிக்கற படகுக்கு இவ்வளவு! 30 டன், 40 டன் தூக்கிட்டு காஷ்மீர் வரைக்கும் போற நம்ம வண்டிக்கு கட்டுக்கம்பியும் கருப்பு டேப்பும்.

நம்மகிட்ட விதி இல்லாம இல்லை. பஸ் பாடிக்கு ஏஐஎஸ் 052 இருக்கு, லாரிக்கு ஏஐஎஸ் 093 இருக்கு. ஆனா எஃப்சி போற அன்னிக்கு லைட்டு எரியுதா, ஹாரன் அடிக்குதான்னுதான் கண்ணு போகும். தளத்துக்கு அடியில டேப்பு சுத்தின ஜாயிண்ட்டை யாரு குனிஞ்சு பாக்கறாங்க? 2025 அக்டோபர் 14ல ஜெய்சால்மர் பக்கம் ஓடற பஸ்ஸே எரிஞ்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. சமீபத்துலதான் ஏசியா மாத்தின பஸ்ஸுன்னு செய்தி வந்துது. ஏசி ஒயரிங்ல ஷார்ட் சர்க்யூட்டா இருக்கலாம்னுதான் முதல் சந்தேகமே. சின்னதா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. முறுக்கி விட்ட ஜாயிண்ட்ல 0.1 ஓம் தடை, அதுல 10 ஆம்பியர் போகுதுன்னா 10 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னை டேப்புல சுத்தி, டீசல் பைப் பக்கத்துல வச்ச மாதிரி. அதே மாசம் 1ஆம் தேதியிலிருந்து புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆயிடுச்சு. பழைய வண்டிக்கும் ஏசி மாட்டிக் கொடுங்கன்னு பட்டறை வாசல்ல நிக்கப் போறாங்க பாருங்க. இழுக்கற கரண்ட் கூடும், ஜாயிண்ட் அதேதான்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்லை. பலகையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒயர் போற வழியை போன்ல நாலு போட்டோ எடுங்க. சட்டம் வைக்கறதுக்கு முன்னாடியே ஒயர்மேனைக் கூப்பிட்டு, "எப்படிக் கொண்டு போறீங்க?"ன்னு கேளுங்க. தகட்டுல ஓட்டை போட்டா ரப்பர் புஷ் போடுங்க. எங்கெங்க பிளக் இருக்கோ அங்கெல்லாம் கழட்டி மாட்டற மாதிரி ஒரு துண்டுப் பலகை விடுங்க. வருங்காலத்துக்கு ஒரு நைலான் கயிறு உள்ள கிடக்கட்டும், இன்னொரு ஒயர் இழுக்க உதவும். வண்டிக் கம்பெனிக்காரங்களும் பாடி பில்டர் கையேடுன்னு தடிமனா ஒண்ணு போடறாங்க. அதுல ஒயரிங், வெல்டிங் சமாச்சாரத்தை மட்டும் ரெண்டு பக்கத் தமிழ்ல பட்டறைச் சுவத்துல ஒட்டற மாதிரி கொடுத்தா குறைஞ்சா போயிடுவாங்க?

ஓனர் அண்ணன்களுக்குத் தனியா ஒரு கேள்வி. போன தடவை தளம் போட்டப்போ வாங்கின எஸ்டிமேட் சீட்டு பீரோவுல இருக்கும். எடுத்துப் பாருங்க. மரத்துக்கு எத்தனை வரி, பெயிண்டுக்கு எத்தனை வரி, முன்னாடி எழுதின சாமி பேருக்கு எத்தனை ரூபாய்னு எல்லாம் விவரமா இருக்கும். ஒயரிங்குக்கு ஒரு வரியாவது இருக்குதுங்களா? "இதர செலவு"க்குள்ள போயிருக்கும். அடுத்த எஃப்சிக்கு அதைத் தனி வரியா எழுதி வாங்குங்க. அந்த வேலைல கோளாறு வந்தா டிரைவர் படியில கை வைக்க மாட்டோம்னு அதே சீட்டுல நீங்களும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க.