கையில் கேமரா... முன்னால் கருப்பி!

புரட்டாசி பிறந்தால் எங்கள் சங்கரன்கோவிலில் இரண்டு விஷயங்கள் நடக்கும். கறிக்கடையில் கூட்டம் குறையும். ஆடியிலிருந்து மண்ணை வாரி முகத்தில் அடித்த மேல்காற்று கொஞ்சம் ஓயும். இரண்டாவது விஷயத்துக்காகத்தான் நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். புழுதி அடங்கிய காலையில் மேற்கே மலை பளிச்சென்று தெரியும். கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ரீல்ஸில் வரும் ஆரஞ்சு நிற இலையுதிர்காலம் நமக்குக் கிடையாது. ஆவணி, புரட்டாசியைக் கார்காலம், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர்காலம் என்று பிரித்தவர்கள் நாம். ஆனால், மலைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அதனால் புரட்டாசி என்பது காத்திருக்கும் மாதம். கரிசலை உழுது போட்டு, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரண்டு கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். குளிர்நாடுகளிலிருந்து தகைவிலான் குருவிகள் வரத் தொடங்கும். படம் எடுக்க இதைவிட நல்ல மாதம் உண்டா?

ஒரே சிக்கல், அம்மா. "பொம்பளப் புள்ள தனியா குளத்தங்கரைக்குப் போவியா?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் கருப்பி. தாத்தா வளர்க்கும் மூன்று வயது கன்னி நாய். உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணுக்கு மேலே பொட்டு வைத்த மாதிரி இரண்டு பழுப்புப் புள்ளிகள். "கருப்பியைக் கூட்டிட்டுப் போறேன்" என்றால் அம்மா மறுபேச்சு பேச மாட்டார்.

எங்கள் வட்டாரம் நாய்களுக்குப் பேர்போனது. வடக்கே ராஜபாளையம். வடகிழக்கே சிப்பிப்பாறை. கன்னியும் இந்தத் தென்மாவட்டத்து இனம்தான். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஊர் இனங்களைச் சொன்னார்.

இதில் கன்னியும் சிப்பிப்பாறையும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் நாய்கள். முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தவை. இன்று முயல் வேட்டை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால், சட்டம் வந்தது கருப்பியின் காலுக்குத் தெரியாதே! அதைப் போன ஞாயிற்றுக்கிழமை நானே அனுபவித்தேன்.

காலை ஆறேகால் இருக்கும். குளத்தங்கரையில் ஒரு பனங்காடை. இரண்டு கையாலும் கேமராவைப் பிடிக்க வேண்டும் என்று கருப்பியின் கயிற்றைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. சீமைக்கருவேலப் புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்தது. அடுத்த நொடி என் காலடியில் கயிறு இல்லை.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவைத் தூக்கினேன். 'செம ஷாட்' என்றுதான் மனசு சொன்னது. வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போதுதான் அவள் ஓடும் திசை உறைத்தது. அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு. சுற்றிலும் செடி மண்டி, பக்கத்தில் போனால்தான் கண்ணுக்கே தெரியும்.

கத்திக்கொண்டே ஓடினேன். தொண்டை வறண்டுபோனது. கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, நாக்கைத் தொங்கப் போட்டபடி கருப்பி நின்றுகொண்டிருந்தாள். அவள் கயிறு ஒரு வேலிமுள்ளில் சிக்கியிருந்தது. முயலைக் காணோம். கேமராவில் ஒரு படம்கூட உருப்படியாக இல்லை.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கருப்பியின் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி முள் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, முயலத் தொரத்துற நாயி தரையப் பாக்காது. அது பின்னால ஓடுறவந்தான் பாக்கணும். நான் பாக்கல. அப்படித்தான் ஒண்ண கெணத்துல விட்டேன். அதோட வேட்டைக்குப் போறத நிறுத்திட்டேன்."

தாத்தா வேட்டையை விட்டது சட்டத்துக்குப் பயந்து என்றுதான் இத்தனை வருஷமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நாயோடும் கேமராவோடும் கிளம்புகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில:

* கயிறு கையில் இருக்கட்டும். இரண்டு கையும் தேவையென்றால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள், இல்லையென்றால் நாயை மரத்தில் கட்டிவிட்டு எடுங்கள். புது இடமென்றால், கிணறு எங்கே என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் முதலில் கேளுங்கள்.

* ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், அது தரையில் முட்டையோ குஞ்சோ வைத்திருக்கலாம். நாயை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

* புளியங்குடி, சிவகிரிப் பக்கம் மலையடிவாரக் காட்டுக்குள் நாயோடு போகவே வேண்டாம். நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் தொற்றும்.

* கறுப்பு நாயை எடுக்கும்போது கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வானம் வெளுத்துப்போகும். போனில் நாயின் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். முட்டி போட்டு, அதன் கண் மட்டத்தில் எடுத்தால் படத்துக்கு உயிர் வரும்.

* வீடு திரும்பியதும் காது, விரலிடுக்கில் உண்ணி பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள்.

இந்த ஞாயிறும் போகிறோம். இந்தமுறை மூன்று பேர். கயிறு தாத்தா கையில், கேமரா என் கையில். அந்தக் கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட, தோட்டக்காரரிடம் தாத்தா கேட்டிருக்கிறார். அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பனங்காடை!