ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. அப்புறம்?

1/ வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணவங்கள்ல சிலர் பல வருஷம் நல்லா இருக்காங்க. சிலர் ஒரு வருஷத்துக்குள்ளயே திரும்ப வர்றாங்க. ஏன்? வடசென்னையில ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர் நான். புற்றுநோய் நிபுணர் இல்லை. கட்டு மாத்துற, டிஸ்சார்ஜ் எழுதுற, திரும்ப வந்தா முதல்ல பார்க்கிற ஆள். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ காசிமேட்டு அண்ணன் ஒருத்தர். விசைப்படகுத் தொழிலாளி, ஐம்பதை நெருங்குற வயசு. நாக்கு ஓரத்துல புண். நாக்கோட ஒரு பகுதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தாங்க. காயம் அழகா ஆறிச்சு. தையல் பிரிச்சது நான்தான். ரிப்போர்ட்ல ரெண்டு நெறிக்கட்டியில புற்று இருந்தது. 'கதிர் சிகிச்சைக்குப் போகவும்'னு எழுதிக் கொடுத்தோம்.

3/ நாலு மாசம் கழிச்சு கழுத்துல எலுமிச்சை அளவு கட்டியோட வந்தார். கதிர் சிகிச்சைக்குப் போகவே இல்லை. "ஆபரேசன் நல்லா முடிஞ்சுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? அப்புறம் இன்னாத்துக்கு கரண்டு? கடலுக்குப் போகலன்னா பங்கு இல்ல சார்."

இப்போ அவர் இல்லை.

4/ 'நல்லா முடிஞ்சுது'ன்னு நான் சொன்னது பாதி உண்மை. கத்தியோட வேலைதான் முடிஞ்சிருந்தது. சிகிச்சை முடியலை. அதை அவருக்குப் புரியிற மாதிரி நான் சொல்லலை. அதனாலதான் இந்த இழை.

5/ பிழைக்கிறதைத் தீர்மானிக்கிற விஷயங்களை வரிசையா பார்ப்போம். முதல்ல, எப்போ வர்றீங்க. வாய்ப்புண் 3 வாரத்துல ஆறலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாம இறுகறது, இதெல்லாமும்தான். 'சூட்டுப்புண்'னு மாசக்கணக்கா களிம்பு தடவிட்டு வர்றவங்கதான் இங்க அதிகம்.

6/ 'சதை எடுத்து டெஸ்ட் பண்ணா பரவிடும்', 'கத்தி பட்டா பரவும்'. தினமும் கேட்கிறேன். தப்பு. டெஸ்ட் பண்ணாம வீட்ல இருக்கிற மாசங்கள்லதான் பரவுது.

7/ ரெண்டாவது, ஆழம். மேலே பார்க்க சின்னப் புண்ணா இருந்தாலும் உள்ளே எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்குங்கிறது முக்கியம். 2018லிருந்து நடைமுறைக்கு வந்த ஸ்டேஜ் கணக்குல இந்த ஆழத்தையும் சேர்த்திருக்காங்க. 5 மி.மீ., 10 மி.மீ. தாண்டத் தாண்ட ஸ்டேஜ் ஏறும்.

8/ மூணாவது, கழுத்து நெறிக்கட்டி. அதுல புற்று ஏறியிருந்தா பிழைக்கிற வாய்ப்பு ஏறக்குறைய பாதியா குறையுது. 'வாய்ல புண்ணுக்கு எதுக்கு கழுத்தைக் கிழிக்கிறாங்க?'ன்னு கேட்பாங்க. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015ல இதுக்குப் பதில் சொன்னது. ஆரம்பநிலை நோயாளிகள்ல, கையில தட்டுப்படாதபோதே நெறிக்கட்டிகளை எடுத்தவங்க 3 வருஷத்துல 80% பேர் உயிரோட இருந்தாங்க. கட்டி தெரியட்டும்னு காத்திருந்த குழுவில 67.5%. அதனால 'கழுத்து வேணாம்'னு அடம் பிடிக்காதீங்க.

9/ நாலாவது, விளிம்பு. வெட்டி எடுத்த சதையைச் சுத்தி குறைஞ்சது 5 மி.மீ. நல்ல சதை இருக்கணும். விளிம்புல புற்று இருந்தாலோ, நெறிக்கட்டியோட உறையைத் தாண்டி வெளியே வந்திருந்தாலோ, கதிரோட கீமோவும் சேர்ப்பாங்க. இதெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற ரிப்போர்ட்லதான் தெரியும். அந்த ரிப்போர்ட்டை வாங்காம விடாதீங்க.

10/ இதுவரை சொன்னதுல பாதி நம்ம கையில இல்லை. இனி சொல்றது இருக்கு. கதிர் சிகிச்சை தேவைன்னு சொன்னா, ஆபரேஷன் நடந்த நாள்லருந்து 6 வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மொத்தம் சுமார் 30 தடவை, ஆறு வாரத்துக்கு நடக்கும். தள்ளிப் போட்டாலும், நடுவுல விட்டாலும், மிச்சமிருக்கிற புற்று அணுக்கள் வளர நேரம் கொடுக்கிறோம்.

11/ பல்லைப் பிடுங்கணும்னா கதிருக்கு முன்னாடியே பிடுங்கி ஆற விடணும். அதுக்கும் நாள் போகும். அதனால பல் டாக்டரை முதல் வாரத்துலயே பாருங்க. மூக்குக் குழாய் வழியா கஞ்சி, முட்டை, பால்னு எடை குறையாம பார்த்துக்கங்க. உடம்பு தாங்கலைன்னா சிகிச்சை நடுவுல நின்னுடும்.

12/ அடுத்தது பழக்கம். துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் லாரி வரிசையில தூக்கம் வராம இருக்க ஹான்ஸ். மீன் விக்கிற அம்மாக்கள் கன்னத்துல வெத்தலை, பாக்கு, புகையிலை. குட்கா 2013லிருந்து தமிழ்நாட்டுல தடை. கிடைக்காமயா இருக்கு? 'புகையிலை இல்லை சார், வெறும் பாக்குதான்'னு சொல்வாங்க. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல வெளியிட்ட அறிக்கையிலயே சொல்லிடுச்சு. ஆபரேஷனுக்கு அப்புறமும் போட்டா, அதே வாய்ல இன்னொரு புற்று வரலாம்.

13/ இப்போ நான் சொல்ல வந்த விஷயம். காசிமேட்டு அண்ணன் முட்டாள் இல்லை. கணக்கு போட்டார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷனுக்கும் உதவும், கதிருக்கும் உதவும். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும். ஆனா ஆறு வாரக் கூலியை யார் கொடுப்பாங்க?

14/ எண்ணூர்லருந்து மின்சார ரயில் ஏறினா சென்ட்ரல், எதிர்லயே ஜி.ஹெச். தூரம் பெரிய பிரச்சினை இல்லை. துணைக்கு வர்ற மனைவிக்கு சாதாரண பஸ்ல டிக்கெட்கூட கிடையாது. ஆனா ரெண்டு பேரோட நாள் கூலியும் போகுது. ஆறு வாரம் கடையில கடன் சொல்ல முடியுமா?

15/ மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். கடலுக்குப் போகலன்னா சாப்பாடு இல்லைன்னு அரசுக்குத் தெரியும், அதனால நிவாரணம் தருது. டிபி நோயாளிக்கு சத்துணவுக்கு மாசாமாசம் பணம் தருது. கதிர் சிகிச்சை எடுக்கிற ஆறு வாரமும் அந்த வீட்டுக்குத் தடைக்காலம்தானே? வந்த நாளுக்கு இவ்வளவுன்னு கொடுத்தாக்கூட போதும். லட்சக்கணக்குல செலவு பண்ணின ஆபரேஷன் வீணாகாது. இதுதான் என் கோரிக்கை.

16/ மணலி, எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகள்ல ஒப்பந்த வேலை பார்க்கிறவங்க கவனிங்க. உங்க சம்பளத்துல இஎஸ்ஐ பிடிக்கிறாங்களா? தொடர்ந்து 2 வருஷம் வேலையில இருந்து சந்தாவும் சரியா கட்டியிருந்தா, புற்றுநோய்க்கு நீடித்த நோய்ப் பயன் உண்டு. சம்பளத்துல 80%, அதிகபட்சம் 2 வருஷம் வரை. பல பேருக்கு இது தெரியவே தெரியாது. இஎஸ்ஐ கிளை அலுவலகத்துல கேளுங்க.

17/ டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டர்கிட்ட இந்த நாலு கேள்வி கேளுங்க.
• சதை ரிப்போர்ட் எப்போ வரும்?
• நெறிக்கட்டியில, விளிம்புல புற்று இருக்கா?
• கதிர் வேணுமா? எந்தத் தேதிக்குள்ள ஆரம்பிக்கணும்?
• அடுத்து எப்போ வரணும்?
திரும்ப வர்ற புற்றுநோய் பெரும்பாலும் முதல் 2 வருஷத்துக்குள்ளதான் வரும். வலி இல்லைன்னாலும் சொன்ன தேதிக்கு வந்து காட்டுங்க.

18/ என் பங்குக்கு, 'ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது'ன்னு இப்போ நான் தனியா சொல்றதில்லை. கூடவே கேலண்டரை எடுத்து ஆறாவது வாரத்துல ஒரு தேதியை வட்டம் போட்டு வீட்டுக்காரங்க கையில கொடுக்கிறேன். உங்க தெருவுல யாராவது ஆபரேஷன் முடிஞ்சு வந்திருந்தா, ஹார்லிக்ஸோட பார்க்கப் போவீங்கல்ல? அந்தத் தேதியையும் கேட்டுட்டு வாங்க.