நிலமில்லாத நாடும் நம்மூரு மலையும்

பாலைவனக் கிரகத்துல சாமியார் ஆட்சி நடக்கிற கதையெல்லாம் ஆங்கிலப் படத்துலதான் வரும்னு நினைக்கிறீங்களா மக்களே? பூமியிலேயே அப்படி ஒரு 'நாட்டை' அறிவிச்சவர் நம்ம திருவண்ணாமலையில பிறந்த நித்யானந்தா!

பாலியல் வன்கொடுமை வழக்கு நிலுவையில இருக்கும்போதே இந்தியாவை விட்டுப் போனவர். 2019ல் கைலாசா, 2020ல் அதுக்கொரு ரிசர்வ் வங்கி. கொடி, பாஸ்போர்ட் எல்லாம் ரெடி. நிலம்? தீவு வாங்க நாங்க உதவலைன்னு ஈக்வடார் கைவிரிச்சிடுச்சு. 2025ல், பழங்குடி நிலத்தை 1000 வருஷக் குத்தகைக்கு எடுக்கப் பார்த்த விவகாரத்துல, கைலாசாவோட தொடர்புள்ள 20 பேரை பொலிவியா நாடு கடத்திச்சு.

சிரிச்சிட்டுப் போயிடலாம்தான். ஆனா ஒரு கேள்வி. குருவும் அவரே, அரசும் அவரே, பரமசிவமும் அவரேன்னா, அங்க ஒரு பொண்ணுக்கு அநியாயம் நடந்தா யார்கிட்ட மனு கொடுப்பா? நம்மூரு கலெக்டர் ஆபீசுல எவ்வளவு காக்க வெச்சாலும் திங்கட்கிழமை மனு வாங்குறாங்க. மேல கோர்ட்டு இருக்கு. அஞ்சு வருஷத்துக்கொருமுறை ஓட்டு இருக்கு. கடவுளே முதலமைச்சர்னா அவரை எந்தத் தேர்தல்ல தோற்கடிப்பீங்க?

1896ல் இதே ஊருக்கு வந்த ரமணர், 1950ல் மறையும்வரை இங்கேயே இருந்தார். கொடியும் ஏத்தலை, பாஸ்போர்ட்டும் அடிக்கலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில நடக்க இன்னிக்கும் யாரும் குடியுரிமை கேட்கறதில்லை.

பக்திக்கு எதுக்குங்க தனி நாடு?