கூபே கிடைக்காத நாள்

தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஏ.சி. முதல் வகுப்பில் நாயை உடன் அழைத்துப் போகலாம். ஆனால் கூபே முழுவதும் நம் பெயருக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்ததா என்பது சார்ட் தயாரானால்தான் தெரியும். இல்லையென்றால் கார்டு வேனிலுள்ள கூண்டுதான்.

போன மே மாதம் அப்பாவின் திதிக்குப் புறப்பட்டோம். பெட்டி கட்டியாகிவிட்டது. எங்கள் நாய்கள் மணியும் ராணியும் வாசலில் தயார். சார்ட் வந்தது, கூபே இல்லை. நாக்பூர் வெயிலில் கூண்டுக்குள் கிழவி ராணி தாங்க மாட்டாள். கணவர் மட்டும் போனார், நான் தங்கிவிட்டேன்.

அண்ணன் தொலைபேசியில், "நாய்க்காகவா வரலை?" என்றார். ராணியைத் தெருவிலிருந்து தூக்கி வந்ததே அப்பாதான் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அதுக்குச் சாப்பாடு வைச்சியா?" என்றார்.